மாதா தாய் வீட்டுக்குப் போயிருக்கா

வருவா சார், வருவா. எதுக்கு சும்மா சும்மா எழுந்து கேட்டாண்ட போய் எட்டிப் பாக்குறீங்க? உக்காருங்க. பந்தல்ல நிழல் இருக்கும்போதே உக்காந்துக்கணும். மாதா என்ன ஆப்ல கார் புக் பண்ணியா வர்றா, புள்ளி நகருதா நகருதான்னு பாத்துக்கிட்டே இருக்க?

ஆமா, பெரும்பாக்கத்துலேர்ந்துதான் வரேன். பஸ்ல. நான் மட்டும்தான். மாதாவுக்கு எப்பவும் போல பீர் முஹம்மது பாயோட லோடு ஆட்டோதான். போன எடுக்கலியா? வண்டி ஓட்டுறப்ப அவர் எடுக்க மாட்டார் சார், அது ஒரு கொள்கை அவருக்கு. ஓட்டாதப்பவும் பாதி நேரம் எடுக்க மாட்டார். நீங்க டென்ஷன் ஆகாதீங்க. கொடியேத்தம் சாயந்தரம்தானே? பிஷப் வர்றதுக்கு இன்னும் நேரம் இருக்கு. அதுவரைக்கும் பேசிக்கிட்டிருக்கலாம்.

என்னத் தெரியலியா? அது சரி. தமிழ்நிலா சார். தாயம்மா பொண்ணு. வருஷா வருஷம் மாதாவுக்குப் புடவை கட்டி விடுறாங்களே, அந்தத் தாயம்மா. ஹிஸ்டரி எம்.ஏ. பண்றேன். உங்க ஜூபிலி மலருக்கு, இந்த ஆத்தங்கரைல இருந்த எங்க தோணித்தோட்டத்தப் பத்தி ஒரு கட்டுரை அனுப்பினேன்ல? ஆ, இப்ப ஞாபகம் வந்துடுச்சு பாருங்க. மூஞ்சியே மாறுது.

வந்திருக்கு சார், வந்திருக்கு. இல்லேன்னு சொல்லலியே. நான் பக்கம் பக்கமா எழுதினத நீங்க எடிட் பண்ணி ஒரே வரி ஆக்கியிருக்கீங்க, அவ்ளோதான். இருங்க, படிச்சே காட்டுறேன். அக்காலத்தில் ஆற்றோரம் சில குடிசைகளும் இருந்ததாகக் கூறப்படுகிறது. கூறப்படுகிறதாம்! யார் சார் கூறினா? அதுல ஒரு குடிசைலதான் நான் பொறந்தேன். அப்ப நான் பொறந்ததும் கூறப்படுகிறதா?

எடப் பற்றாக்குறையா? சரி. அதனாலதான் உங்க போட்டோ மட்டும் முழுப் பக்கத்துல இருக்கு போல. வரலாற்றுக் குழுத் தலைவர் மதிவாணன், பின்னாடி புத்தக அலமாரி. நல்லா இருக்கு சார். புஸ்தகத்தயும் அப்பப்ப எடுத்துப் பாத்திருந்தா இன்னும் நல்லா இருக்கும்.

கோச்சுக்காதீங்க. நான் சின்னப் பொண்ணு, வாய் கொஞ்சம் நீளம். எங்க ப்ரொஃபசரே சொல்லுவாங்க, உனக்கு ஆர்க்யூ பண்ண ஆள் கெடைக்கலன்னா கண்ணாடி முன்னாடி நின்னு பண்ணுவேன்னு. ஆனா நீங்களே சொல்லுங்க, இந்த மொதல் பக்கத்த எப்படி சார் எழுதினீங்க? ஆளரவமற்ற மணல்மேட்டில் தன்னந்தனியாக வந்திறங்கிய பிரெஞ்சு குருவானவர், தம் இரு கரங்களால் முகத்துவார மாதா ஆலயத்தை எழுப்பினார். இரு கரங்களால! சரி, நல்ல மனுஷன்தான் அவர், இல்லேங்கல. ஆனா ஆளே இல்லாத எடத்துக்கு ஒரு சாமியார் எதுக்கு சார் வரணும்? நண்டுக்குப் பூசை வெக்கவா? கொக்க நிக்க வெச்சு பாவசங்கீர்த்தனம் கேக்கவா?

சிரிப்பு வருதுல்ல? எனக்கும் மொதல்ல சிரிப்புதான் வந்துச்சு. அப்புறம்தான் கோவம்.

சனம் இருந்தாத்தான் சார் ஒரு கோயிலுக்குப் பங்குன்னு ஒண்ணு. நீங்க பங்குப் பேரவைல இருக்கீங்க, உங்களுக்கு நான் சொல்லணுமா? மொதல்ல ஆத்தங்கரைல ஆளுங்க இருந்தாங்க. அப்புறம்தான் அவங்களத் தேடிக் கோயில் வந்துச்சு. ஆளில்லாத மணல்மேட்டுல எவனும் மணி கட்ட மாட்டான். கேக்குறதுக்குக் காது இருந்தாத்தான் கட்டுவான். இந்த ஊர்ல பாதிக் கோயிலுக்கு இதான் கத. குப்பம் மொதல்ல, கோபுரம் பின்னால. அப்புறம் கோபுரம் மட்டும் புஸ்தகத்துல ஏறிடும். குப்பம் கூறப்படுகிறதுல போயிடும்.

ஆதாரமா? அதத்தான் நீங்க ஈமெயில்லயும் கேட்டீங்க. எழுத்துபூர்வமான ஆதாரம் இல்லாததால் சேர்க்க இயலவில்லை. நீங்க இப்ப சாஞ்சிருக்கீங்களே, அந்தச் சுவத்தத் திரும்பிப் பாருங்க. பெயின்ட் உரிஞ்ச எடத்துல நகத்தால சுரண்டுங்க. வெள்ளையா வருதா? கிளிஞ்சல் சுண்ணாம்பு சார் அது. முகத்துவாரத்துல கிளிஞ்சல் அள்ளி, சூளைல அடுக்கி எரிச்சு எடுக்கிறது. தோணித்தோட்டத்து ஆளுங்களுக்கு அப்ப ரெண்டே வேல. பாலம் இல்லாத காலம், ஆத்தக் கடக்குறவங்களுக்குத் தோணி விடுறது ஒண்ணு. கிளிஞ்சல் எரிக்கிறது இன்னொண்ணு. இவ்ளோ உசரச் சுவருக்கு எவ்ளோ சுண்ணாம்பு வேணும்? உங்க பிரெஞ்சு சாமியார் அந்த இரு கரங்களால சூளையும் ஊதினாரா? போட்டோல அங்கி பளிச்சுன்னு இருக்கே.

சரி, சுவர விடுங்க. சுவரு பேசாது, நாளைக்கு நீங்க டைல்ஸ் ஒட்டிடுவீங்க. மாதாவுக்கு வாங்க.

மரத்துல செஞ்ச சொரூபம், கப்பல்ல வந்துச்சுன்னு எழுதியிருக்கீங்க. எங்கம்மா என்னடான்னா வெள்ளத்துல மெதந்து வந்து எங்க தோணில ஏறிக்கினாம்பா. நான் ரெண்டையும் அப்படியே நம்பல சார். ஹிஸ்டரி படிக்கிறவ மெதந்து வந்ததெல்லாம் நம்ப முடியுமா? கப்பல்ல வந்திருக்கலாம். ஆனா வந்தவ மொதல்ல எங்க தங்கினா? கோயிலுக்குக் கூரை வர்ற வரைக்கும் எங்க சூளைக் கொட்டாயிலதான். அத நான் அடிச்சுச் சொல்வேன். எப்படின்னு கேளுங்க.

கொடியேத்தத்துக்கு முந்தின வாரம் மாதா பீடத்துலேர்ந்து எறங்கி எங்க போறா? தோணித்தோட்டத்துக்குப் போறா. அத என்னான்னு சொல்றோம்? தாய் வீட்டுக்குப் போறான்னு சொல்றோம். அங்க அவளக் குளிப்பாட்டி, உரிஞ்ச எடத்துல பெயின்ட் தொட்டு, எல்லா வீடும் சேந்து எடுத்த புதுப் புடவையக் கட்டி, தட்டுல பழம், பூ, வளையல்னு சீர் வெச்சு, கொடியேத்தத்தன்னைக்கு முன் கேட் வழியா மேளத்தோட கூட்டிக்கினு வந்து விடுறோம். இத யாரு ஆரம்பிச்சா? எந்த பிரெஞ்சுக்காரனுக்கு சார் சீர்வரிசை தெரியும்? தாய் வீடுன்னு ஒண்ணு இல்லாம ஒருத்தி வருஷா வருஷம் தாய் வீட்டுக்குப் போவாளா? கோயில் கட்டின பெறகு அவள இங்க வாழ அனுப்பியிருக்காங்க. கட்டிக் குடுத்த மாதிரி. அதான் வருஷத்துக்கு ஒரு வாட்டி வந்து போறா. இதவிட இன்னா சார் ஆதாரம் வேணும் உங்களுக்கு?

பாத்தீங்களா, இன்னா வந்துடுச்சு. கோவம் வந்தா வந்துடும். காலேஜ்ல வராது.

எங்கம்மாவா? இல்ல சார், ஞானஸ்நானம் வாங்கினவ இல்ல. நெத்தி நெறைய குங்குமம் வெச்சிருப்பா. ஆடி மாசம் அம்மனுக்குக் கூழ் ஊத்துவா, கொடியேத்த வாரத்துல மாதாவுக்குக் கொசுவம் வெப்பா. தோட்டத்துல பாதி வீடு அப்படித்தான். பாய் வீட்டுலேர்ந்து வருஷம் தவறாம ஜவ்வாது வரும். அது உங்களுக்குக் குழப்பமா இருக்கலாம். மாதாவுக்கு இருந்த மாதிரி தெரியல. ஒரு வருஷமாவது, தாயம்மா கட்டின புடவை எனக்கு வேணாம்னு பீடத்துலேர்ந்து சொன்னாளா?

அதெல்லாம் சரிம்மா, தோட்டமே இப்ப இல்லியேன்னு சொல்ல வரீங்க. வாயத் தொறக்கும்போதே தெரியுது. ஆமா, இல்ல. நான் ப்ளஸ் டூ படிக்கிறப்ப லாரி வந்துச்சு, எங்கள அள்ளிக்கிட்டுப் போய் பெரும்பாக்கத்து அடுக்குமாடி ப்ளாக்குல எறக்கிச்சு. அதுக்கப்புறம் வாக்கிங் ட்ராக் போட்டுட்டாங்க. எங்க வீடு இருந்த எடத்த நான் போய்ப் பாத்தேன் சார். சிமென்ட் பெஞ்ச் போட்டு, பறவைங்க படம் போட்ட போர்டு ஒண்ணு வெச்சிருக்காங்க. எங்கெங்கேர்ந்தோ எத்தனையோ கடல் தாண்டி வருதாம் அதுங்க. இந்த ஆத்தங்கரை அதுங்களோட பாரம்பரிய வாழிடமாம். அதுங்க கிட்ட யாரும் அட்ரஸ் ப்ரூஃப் கேக்கல. நல்ல விஷயம்.

எங்க கிட்டத்தான் கேக்குறீங்க. பங்கு எல்லைக்கு வெளியே இருப்பவர்கள். உங்க வார்த்தைதான் அது. நான் ஒண்ணு கேக்கட்டுமா, தப்பா எடுத்துக்கக் கூடாது. உங்க வீடு எங்க சார்? கோபாலபுரம். கோபாலபுரம் எப்ப சார் அடையாத்தங்கரைக்கு வந்துச்சு? அங்க வேற பங்கு இல்லியா? ஞாயித்துக்கிழம கார எடுத்துக்கிட்டு எல்லையத் தாண்டி நீங்க வருவீங்க. அது விசுவாசம். நாங்க பஸ் மாறி வந்தா அது வெளியாள். கார்ல வந்தா எல்லை தெரியாது போல, பஸ் படிக்கட்டுல தொங்கிக்கிட்டு வந்தாத்தான் தெரியும்.

ஃபாதர் சொன்னாரா? அவர் பாவம், போன வருஷம் வந்தவர். யாராவது எழுதிக் குடுத்தாத்தானே படிப்பாரு. எழுதிக் குடுக்கிற எடத்துல நீங்க இருக்கீங்க.

பெரும்பாக்கத்துப் பங்குல சேரலாமா? சேரலாமே. வான்னுதான் சொல்றாங்க, எங்க ஆளுங்கள்ல கொஞ்ச பேர் சேந்துட்டாங்க. அங்க யாரும் எங்கள மொறைக்கல. ஆனா அங்க எங்க பொண்ணு இல்லியே சார். எங்க பொண்ணு இங்க வாழ்க்கப்பட்டிருக்கா. பொண்ணக் கட்டிக் குடுத்த வீட்டுக்கு யாராவது அட்ரஸ் மாறிடுச்சுன்னு வராம இருப்பாங்களா?

அட, பேண்ட் செட் வந்துடுச்சு. சிந்தாதிரிப்பேட்டை ஆளுங்களா? ட்ரம்பெட் வெச்சிருக்கிற அண்ணன எனக்குத் தெரியும். பெரிய மாலை எடுத்திருக்கீங்க போல, வாசன தூக்குது. சம்பங்கியா? நல்லா இருக்கு. தண்ணி தெளிச்சு நிழல்ல வைக்கச் சொல்லுங்க.

வண்டி எங்க வந்துச்சுன்னு தெரியணுமா? இருங்க சொல்றேன். அதுக்கு முன்னாடி ஒரே ஒரு விஷயம். இந்த மலர்ல கடைசிப் பக்கம், நன்றி நவிலல். பந்தல், ஒலிபெருக்கி, ஜெனரேட்டர், அப்புறம் சொரூபம் பெயின்ட் வேலை, திரு. சின்னப்பையன், பெரும்பாக்கம். அவர் எங்க மாமா சார். பெயின்ட் வேலையா அது? குளிப்பாட்டுறதுக்கு முன்னாடி அந்தாளு நாள் பூரா வாயில சொட்டுத் தண்ணி படாம இருப்பாரு. எங்க பொண்ணோட தாய் மாமன் முறை அவருக்கு. அவரக் கொண்டு போய் ஜெனரேட்டருக்குக் கீழ போட்டிருக்கீங்க. அவர் படிக்கத் தெரியாம, என்னம்மா போட்டிருக்குன்னு கேட்டாரு. நான் உங்க பேரு வந்திருக்கு மாமான்னு மட்டும் சொன்னேன். ரொம்ப சந்தோஷம் அவருக்கு. பக்கத்து ப்ளாக்குக்கெல்லாம் எடுத்துக்கினு போய்க் காட்டினாரு.

எனக்குப் புரியாதது ஒண்ணுதான் சார். எங்க சரித்திரத்த வெட்டியாச்சு. எங்களப் பங்குலேர்ந்து எடுத்தாச்சு. அப்புறம் எதுக்கு இந்த வருஷமும் மாதாவ எங்க கிட்டயே அனுப்பி வெச்சீங்க? வேற பெயின்டர் இல்லியா மெட்ராஸ்ல? நான் சொல்லட்டுமா? பழக்கம். கோயில்ல யாருக்கும் வேற மாதிரி தோணவே இல்ல. கொடியேத்த வாரம் வந்தா அவ தாய் வீட்டுக்குப் போகணும். அது இந்தக் கல்லுக்கே தெரியும். பீடத்துலேர்ந்து எறக்கி, போர்வைல சுத்தி, பாய் வண்டில நீங்களே பிடிச்சு ஏத்தி விட்டீங்க. பாத்துப் போங்கன்னு வேற சொன்னீங்களாம். உங்க மலருக்குத் தெரியாத சரித்திரம் உங்க கைக்குத் தெரிஞ்சிருக்கு சார். அது வரைக்கும் சந்தோஷம்.

முந்தாநாள் வாட்ஸ்அப்புல நீங்க ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினீங்கல்ல, மாமா போனுக்கு? எங்கம்மா அப்பதான் மாதாவுக்குக் கொசுவம் வெச்சிட்டிருந்தா. வாயில ஊக்கு. கீழ் தளத்துல ப்ளாக்கு சனம் பூராவும் சுத்தி உக்காந்திருக்கு. மாமா ஸ்பீக்கர்ல போட்டாரு, எல்லாரும் கேக்கட்டும்னு. கோயில்லேர்ந்து பேசுறாங்களே, அழைப்பு சொல்றாங்கன்னு நெனச்சுட்டாரு. உங்க குரல் கணீர்னு இருந்துச்சு. இந்த வருஷம் சீர்வரிசை ஊர்வலம் கெடையாது. பங்கு எல்லைக்கு வெளிய இருக்கிறவங்க பவனில கலந்துக்க வேணாம். வேல முடிஞ்சதும் சொரூபத்த மதியத்துக்குள்ள பின் கேட்ல எறக்கிட்டுப் போயிடுங்க.

 எங்கம்மா வாயிலேர்ந்து ஊக்க எடுத்தா. பின் கேட்டா? அப்டின்னா. அவ்ளோதான். பின் கேட்டு வழியாத்தானே சார் குப்ப வண்டி வரும்? ஜெனரேட்டர் வரும், வாடகைச் சேர் வரும். அப்புறம் மாதா மூஞ்சியப் பாத்துக்கினே சொன்னா, இன்னாத்துக்குடி இவ பின்னால பூந்து போணும்? இன்னா திருடிக்கினா வந்துட்டா? புருஷன் வூட்ல மருவாதி இல்லேன்னா பொண்ணு ரெண்டு நாளு இங்கியே கெடக்கட்டும், சோறா இல்ல நம்ம கைல?

என்ன சார், எழுந்துட்டீங்க?

வண்டி கெளம்பல சார். பாய் மதியமே சாவியக் கொண்டாந்து எங்கம்மா கிட்டக் குடுத்துட்டுப் போய் மனைவி ஜமீலுன்னிசா அக்காவோட உக்காந்து டீ குடிச்சிட்டிருக்காரு. அந்த அக்காதான் அவர் போன வாங்கி முந்தானைல முடிஞ்சு வெச்சிருக்கு. அதான் எடுக்கல.

இல்ல, இல்ல, கத்தாதீங்க, பேண்ட்காரங்க பாக்குறாங்க. யாரு சார் திருடினா? திருட்டுன்னா போலீஸ்ல குடுங்க. யாரு ஏத்தி விட்டான்னு கேப்பாங்க. எந்தப் பழக்கத்துல ஏத்தி விட்டீங்கன்னு கேப்பாங்க. அப்ப நான் சொன்ன சரித்திரம் மொத்தத்தயும் நீங்களே ஒரு எஸ்.ஐ. முன்னாடி உக்காந்து சொல்ல வேண்டி வரும். எனக்கு அது ஓகே. மலர்ல வரலன்னாலும் எஃப்.ஐ.ஆர்.லயாவது வரட்டும்.

அனுப்ப மாட்டோம்னு யாரு சொன்னது? நல்லாருக்கே. கட்டிக் குடுத்த பொண்ண யாராவது வீட்டோட வெச்சுக்குவாங்களா? அவ குளிச்சு, புது நீலப் புடவை கட்டி, கீழ் தளத்துல ரெடியா உக்காந்திருக்கா. சீர்த் தட்டெல்லாம் வரிசையா வெச்சாச்சு. மாமா புதுச் சட்ட போட்டிருக்காரு. புருஷன் வீட்டு ஆளுங்க முறையா வந்து அழைக்கணும், அவ்ளோதான். அதச் சொல்லிட்டு வரத்தான் என்ன அனுப்பினாங்க. நான்தான் நடுவுல சரித்திரம் பேசிட்டேன். பழக்கம் சார், எனக்கும்.

பிஷப் கிட்ட என்ன சொல்றதா? பொண்ணு அழைக்கப் போயிருக்கோம், கொஞ்சம் காத்திருங்கன்னு சொல்லுங்க. பெரிய மனுஷன், புரிஞ்சுப்பாரு. இல்லேன்னா அவரையும் கூட்டிட்டு வாங்க. எங்க ப்ளாக்ல நெறைய சேர் இருக்கு.

தூரமா? ரொம்ப தூரமா இருக்கா சார்? இந்த நேரத்துல ட்ராஃபிக் வேறயா? லாரி வந்தன்னைக்கு நாங்களும் அதத்தான் சொன்னோம். ஒரு வண்டில ஏறினா போயிடலாம், என்ன பெரிய தூரம்னு சொன்னாங்க. சொன்ன ஆபீசருங்க பக்கத்துல நீங்களும் நின்னுட்டிருந்தீங்க. எனக்கு அப்பவே உங்க மூஞ்சி தெரியும்.

சரி, கெளம்புங்க. கார முன் கேட் வழியா எடுங்க. ட்ரம்பெட் அண்ணா, நீங்களும் ஏறிக்கங்க. அந்தச் சம்பங்கி மாலைய மறக்காம எடுத்து மடில வெச்சுக்கங்க சார், அங்க இவ்ளோ நல்ல பூ கெடைக்கல. நான் முன்னாடி உக்காந்து வழி சொல்றேன். ப்ளாக் வாசல்ல எங்கம்மா நிப்பா. இன்னா இம்மா நேரம்னு கேப்பா. அதுக்கு நீங்கதான் பதில் சொல்லணும், நான் ஒரு வார்த்த பேச மாட்டேன்.